மார்ச் தூறலில் ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டர் வரை ஒரு நாள் நடை

உங்கள் கேள்வி இது: மார்ச் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்கள். நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாயில் காரை நிறுத்திவிட்டு, அப்பலாச்சியன் பாதை என்ற நெடுந்தூர நடைபாதையில், நடையர்கள் ஒதுங்கித் தங்கும் ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டர் வரை நடந்து, அங்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்ப எண்ணம். நீங்கள் இருவரும் பன்னிரண்டு வயது மகனும். வானிலை அறிக்கை நாள் முழுக்கத் தூறல், 8 டிகிரி செல்சியஸ் என்கிறது. “போகலாமா, தள்ளிப்போடலாமா? மழை வலுத்தால் ஷெல்டரில் ஒதுங்கிக்கொள்ளலாம்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். இந்த மலையின் உச்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,150 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தூறலும் மூடுபனியும் இங்கே இயல்பான வானிலை. மழையே இல்லாத நாளுக்குத்தான் காத்திருப்பேன் என்றால் வசந்தத்தின் தொடக்கத்தை இங்கே பார்க்கவே முடியாது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஷெல்டர் என்றால் அங்கே போய்ச் சேர்ந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்பதுதான் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். ஈரமான நாளில் மனிதர்கள் குளிரில் விறைக்கத் தொடங்குவது பெரும்பாலும் நடக்கும்போது அல்ல, நின்ற பிறகு. ஷெல்டர் என்பது நீங்கள் நிற்கப்போகும் இடம்.

முதலில் அந்த 8 டிகிரியைப் பார்ப்போம். அது எந்த ஊரின் கணக்கு? பூங்காவின் வாயிலில் இருக்கும் கேட்லின்பர்க் நகரத்தின் அறிக்கையைப் பார்த்திருந்தால், அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 390 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நியூஃபவுண்ட் கேப் 1,538 மீட்டர். ஷெல்டர் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மேகத்துக்குள் நடக்கும் நாளில் இது கொஞ்சம் குறைவாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் ஊரில் 8 டிகிரி என்றால் ஷெல்டரில் சுழியத்தை ஒட்டித்தான் இருக்கும். ஊரில் தூறல், மேலே ஆலங்கட்டி கலந்த பனி. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் இணைய வரைபடத்தில் மலைமுகட்டின் மேலேயே சுட்டினால் அந்த உயரத்துக்கான முன்னறிவிப்பு கிடைக்கும். முதல் நாள் இரவும் கிளம்பும் காலையும் அதைப் பாருங்கள். மழையின் அளவைவிடக் காற்றின் வேகத்தைக் கவனியுங்கள். தூறலும் மூன்று டிகிரியும் சமாளிக்கக்கூடியவை. அவற்றோடு முகட்டில் பலத்த காற்றும் சேர்ந்தால் நான் போக மாட்டேன், உங்களையும் போகச் சொல்ல மாட்டேன்.

நியூஃபவுண்ட் கேப் வழியாகச் செல்லும் 441-ஆம் எண் நெடுஞ்சாலையில் மார்ச் மாதத்திலும் பனி பெய்தால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

காரில் ஏறும்போதே மலை உங்களுக்குத் தகவல் சொல்லத் தொடங்கும். சாலையோரமாகவும் பாதையோரமாகவும் ரோடோடென்ட்ரான் புதர்கள் இருக்கும். நீண்ட, தடித்த, ஆண்டு முழுவதும் உதிராத இலைகள். வெப்பம் உறைநிலையை நெருங்கும்போது இந்த இலைகள் காம்போடு கீழே தொங்கத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே இறங்க இறங்க, விளிம்புகள் உள்நோக்கி மடிந்து, ஒவ்வோர் இலையும் சுருட்டைப் போல இறுகிக்கொள்ளும். மேலே போகப் போக இலைகள் தட்டையாக விரிந்தே இருந்தால் கவலையில்லை. தொங்கிச் சுருண்டிருந்தால் பாதையில் பனிக்கட்டி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பாதையின் நடுவில் பலர் மிதித்து இறுக்கிய பனி, சுற்றியிருக்கும் பனியெல்லாம் உருகிய பிறகும் உருகாமல் கிடக்கும். ஓரங்களில் சேறும் சருகும் தெரியும். நடுவில் மட்டும் ஓர் அடி அகலத்துக்குக் கெட்டிப்பட்ட பனிக்கட்டி, அதன் மேல் மழைநீர் வழிந்து கண்ணாடியாகப் பளபளக்கும். மழைநாளில் இதைவிட வழுக்கும் பொருள் வேறில்லை. இந்தப் பாதையில் வெயில் படாத வடக்குச் சரிவுகளில் மார்ச் இறுதியிலும் இது இருக்கக்கூடும். மைக்ரோஸ்பைக்ஸ் எனப்படும், ஷூவின் மேல் ரப்பர் பட்டையோடு மாட்டிக்கொள்ளும் சங்கிலி முட்களை ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். பயன்படாவிட்டால் அரைக் கிலோவுக்கும் குறைவான சுமை, அவ்வளவுதான். ஊன்றுகோல்களும் வேண்டும். ஏறும்போது அவை வசதி. ஈரமான வேர்களின் மேல் இறங்கும்போது அவசியம்.

இனி பாதை. நியூஃபவுண்ட் கேப் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு கல்மேடை இருக்கும். 1940 செப்டம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் இந்தப் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்த ராக்ஃபெல்லர் நினைவிடம் அது. அதன் பக்கத்திலிருந்தே நடை தொடங்குகிறது. ஷெல்டர் ஏறத்தாழ மூன்று மைல், அதாவது ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பலகைகளில் எல்லாம் மைல்தான் எழுதியிருக்கும். ஏற்றம் மொத்தம் சுமார் 300 மீட்டர். நடை நேரத்தைக் கணிக்க 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி ஒன்றரை மணி நேரம் வரும். அது வறண்ட பாதையில் திடமான பெரியவர்களின் வேகம். சேறு, வேர்கள், மகனின் கால்கள், உடை மாற்ற நிற்பது எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர ஒன்றே முக்கால். மார்ச் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேரம் நடைமுறைக்கு வந்திருக்கும் என்பதால் சூரியன் மறைய மாலை எட்டு மணி ஆகிவிடும். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் மூடுபனி சூழ்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் நான்கு மணிக்கே மங்கிவிடும். தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.

வழி தவறுவது கடினம். மரங்களில் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் பதினைந்து சென்டிமீட்டர் உயரமுமான வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டிருக்கும். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை, பதினான்கு மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் பாதை முழுக்க இதே அடையாளம்தான். மூன்று மைலில் நீங்கள் கவனிக்க வேண்டிய சந்திப்புகள் இரண்டே. 1.7 மைலில் வலப்பக்கமாக ஸ்வெட் ஹெய்ஃபர் கிரீக் பாதை பிரிகிறது. 2.7 மைலில் இடப்பக்கமாக லெகாண்ட் மலைக்குப் போகும் பூல்வார்ட் பாதை. இரண்டிலும் பிரியாமல் அப்பலாச்சியன் பாதையிலேயே செல்லுங்கள். இந்த வழியில் பெரிய ஓடை எதையும் கடக்க வேண்டியதில்லை. மழைநாளுக்கு நீங்கள் இந்தப் பாதையைத் தேர்ந்தது நல்ல தேர்வு என்று நான் சொல்ல அதுவே பெரிய காரணம். மழையும் உருகும் பனியும் சேரும்போது, காலையில் கல்லில் கால் வைத்துத் தாண்டிய ஓடை மாலையில் தாண்ட முடியாததாகிவிடும். முகட்டின் மேலேயே செல்லும் பாதையில் அந்தச் சிக்கல் கிடையாது.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். இதில்தான் நாளின் வெற்றி தோல்வி இருக்கிறது.

நீர் உங்களை இரண்டு பக்கத்திலிருந்தும் நனைக்கும், மேலே மழை, உள்ளே வியர்வை. எல்லோரும் மழைக்கு ஆயத்தமாக வருகிறார்கள். வியர்வைக்கு ஆயத்தமாக வருபவர்கள் குறைவு. காற்றைவிட நீர் உடலின் வெப்பத்தை ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். சட்டை மழையில் நனைந்ததா வியர்வையில் நனைந்ததா என்று உடலுக்குத் தெரியாது. விலை உயர்ந்த மழை ஜாக்கெட் வியர்வையை ஆவியாக வெளியே விடும் என்று விளம்பரம் சொல்லும். அது உண்மைதான், நிபந்தனையோடு. உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்போதுதான் ஆவி வேகமாக வெளியேறும். மேகத்துக்குள் நடக்கும்போது வெளியேயும் காற்று நீரால் நிறைந்திருக்கிறது. போதாததற்கு, ஜாக்கெட்டின் மேல்துணியில் பூசியிருக்கும் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்திருந்தால் துணி நீரைக் குடித்து, மேலே ஒரு நீர்ப்படலம் உருவாகி, ஆவியின் வழி அடைபட்டுவிடும். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஜாக்கெட்டின் தோள்பட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் நல்லது. கறையாகப் பரவினால் ஜாக்கெட்டைத் துவைத்து, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் உலர்த்தி இயந்திரத்தில் மிதமான சூட்டில் போட்டெடுங்கள். பல நேரங்களில் அதிலேயே பூச்சு மீண்டும் உயிர்பெறும்.

வியர்வையைக் குறைக்கும் வழி மிக எளியது. ஆனால் யாரும் விரும்பாதது. குளிரக் குளிரக் கிளம்ப வேண்டும். கார்க் கதவைத் திறந்து இறங்கியதும் நடுங்கும். உடனே இருப்பதையெல்லாம் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். கால் மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். அப்படிச் செய்யாதீர்கள். மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்சட்டை, அதன் மேல் மழை ஜாக்கெட், அவ்வளவு போதும். ஃபிளீஸ் எனப்படும் கதகதப்பான செயற்கை இழை மேலுடை, பைக்குள் இருக்கட்டும். ஜாக்கெட்டின் அக்குள் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். தூறல் மெல்லியதாக இருந்தால் முன்ஜிப்பையும் பாதி இறக்கலாம். மூச்சு வாங்காமல் மகனோடு பேசிக்கொண்டே ஏறும் வேகம்தான் சரியான வேகம்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை, பருத்திக் காலுறை மூன்றும் வேண்டாம். பருத்தி நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு உலரவே உலராது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. பறவையிறகு நிரப்பிய ஜாக்கெட்டும் இந்த நாளுக்கு ஏற்றதல்ல. நனைந்தால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், சூடு தராது. செயற்கை இழை நிரப்பியது ஒன்று ஆளுக்கு ஒன்றாக வேண்டும். அதை நடக்கும்போது அணிவதில்லை. அது நிற்கும் நேரத்துக்கு.

கையுறையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊன்றுகோலைப் பிடித்து நடக்கும்போது முழங்கை மடிந்து, மணிக்கட்டு முழங்கையைவிட உயரமாகிவிடும் நேரங்கள் உண்டு. அப்போது ஜாக்கெட்டில் வழியும் நீர் கையுறையின் விளிம்பில் சேர்ந்து, சட்டைக் கையின் நுனியை நனைத்து, துணி வழியாகவே மெல்ல முழங்கை வரை ஏறும். ஷெல்டரில் ஜாக்கெட்டைக் கழற்றும்போதுதான் முன்கை முழுக்க ஈரம் என்று தெரியும். உள்சட்டையின் கையை இரண்டு விரற்கடை மேலே மடித்துவிட்டு, ஜாக்கெட்டின் மணிக்கட்டுப் பட்டையைக் கையுறையின் மேல் இறுக்கிக் கட்டிவிடுங்கள். மாற்றுக் கையுறை ஒரு ஜோடி கட்டாயம்.

மாற்றுத் துணிகளைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அதன் பிறகு முதுகுப்பைக்குள் வையுங்கள். பைக்கு மேல் மாட்டும் மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் நீரை அது தடுக்காது.

மழை நின்றுவிட்டது என்று தோன்றும் நேரங்களிலும் காட்டுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். இந்த உயரத்தில் இருப்பவை ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள். அவற்றின் ஊசியிலைகள் மேகத்திலிருந்தே நீரைப் பிடித்து இறக்குகின்றன. இந்தக் காட்டுக்குக் கிடைக்கும் நீரில் கணிசமான பங்கு மழையாக அல்லாமல் மூடுபனியாகவே வருகிறது. உயிரற்ற வெளிறிய மரங்களும் ஆங்காங்கே நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி இங்கிருந்த முதிர்ந்த ஃபிரேசர் ஃபர் மரங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது. மண் ஊறியிருக்கும் நாளில், சிறு காற்றிலும் பட்டமரம் சாயலாம். ஓய்வுக்கு உட்காரும் முன் தலைக்கு மேலே ஒரு முறை பாருங்கள்.

ஸ்வெட் ஹெய்ஃபர் சந்திப்பை உங்கள் சோதனைச் சாவடியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழிக்குக் கொஞ்சம் அதிகம். அங்கே மூவரும் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை. யாருக்காவது சட்டை பிழியும் அளவுக்கு நனைந்திருந்தால், அல்லது நடந்துகொண்டிருக்கும்போதே நடுக்கம் இருந்தால், அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். “ஷெல்டர் பக்கம்தான், அங்கே போய் உலர்த்திக்கொள்ளலாம்” என்ற எண்ணம்தான் அந்த இடத்தில் எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஏனென்று ஷெல்டரைப் பார்த்தால் புரியும்.

அப்பலாச்சியன் பாதை நெடுகிலும் இப்படிப்பட்ட ஷெல்டர்கள் இருநூற்றைம்பதுக்கும் மேல் உள்ளன. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான், மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, உள்ளே படுக்கப் பலகை மேடை. கதவு கிடையாது. ஐஸ்வாட்டர் ஸ்பிரிங்கில் இருப்பது கல்சுவர். மேடை இரண்டு அடுக்கு. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், முகட்டின் மேல். மழை தலையில் விழாது. ஆனால் உள்ளே இருக்கும் காற்று வெளியே இருக்கும் அதே காற்று, அதே குளிர், அதே ஈரப்பதம். அங்கே எதுவும் உலராது. நெருப்பு மூட்டிக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். மார்ச் மாதத்தில் சுற்றிலும் கிடக்கும் சுள்ளி எல்லாம் நனைந்திருக்கும், கைக்கு எட்டியதை முன்னால் வந்தவர்கள் எரித்து முடித்திருப்பார்கள்.

அங்கே நீங்கள் தனியாகவும் இருக்க மாட்டீர்கள். மேய்ன் வரை முழுப் பாதையையும் நடக்கும் நெடுநடையர்களில் பலர் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜார்ஜியாவில் கிளம்புகிறார்கள். நியூஃபவுண்ட் கேப் அவர்களுக்கு ஏறத்தாழ 330-ஆவது கிலோமீட்டர். மார்ச் இறுதியில் நீங்கள் போகும் நாளில் அவர்கள் கூட்டமாக வந்துகொண்டிருப்பார்கள். இங்கே இரவு தங்க முன்அனுமதி வேண்டும். பகலில் ஒதுங்கிச் சாப்பிட எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள், அந்தப் பலகை மேடை இன்றிரவு யாரோ ஒருவரின் படுக்கை. சேற்று ஷூவோடு ஏறாதீர்கள், நனைந்த ஜாக்கெட்டை அதன் மேல் விரிக்காதீர்கள். ஓரத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள். துணுக்குகள் சிந்தினால் பொறுக்கிவிடுங்கள். ஷெல்டர் எலிகள் இரவில் அதைத் தேடித்தான் படுத்திருப்பவர் முகத்தின் மேல் ஓடும். மார்ச் இறுதியில் கரடிகளும் குளிர்கால உறக்கத்திலிருந்து வெளியே வரத் தொடங்கியிருக்கும். ஓர் ஆரஞ்சுத் தோலைக்கூட விட்டுவராதீர்கள். உணவுப் பையைக் கண்காணிக்காமல் எங்கும் வைக்காதீர்கள். சாப்பிடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வாந்திபேதி தரும் நோரோவைரஸ் இந்தப் பாதை நடையரிடையே அவ்வப்போது பரவுகிறது. ஆல்கஹால் கலந்த கைத்திரவம் அதை நம்பும்படி அழிப்பதில்லை. நெடுநடையர்களோடு பேசுங்கள். உங்கள் மகனுக்கு அந்த நாளில் மிகவும் பிடித்த பகுதி அதுவாகவே இருக்கலாம்.

இப்போது அங்கே முதல் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியது. ஷெல்டருக்கு முந்தைய கால் மைலிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வியர்வை அடங்கட்டும். போய்ச் சேர்ந்ததும் பையைத் திறந்து உணவைத் தேடுவதுதான் எல்லோருடைய பழக்கம். அதற்கு முன், உடல் இன்னும் சூடாக இருக்கும்போதே, நனைந்த உள்சட்டையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுங்கள். குளிர்ந்த பிறகு யாருக்கும் சட்டையைக் கழற்ற மனம் வராது. மகனுக்கு முதலில் மாற்றுங்கள். அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் இழை நிரப்பிய ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி, கையில் உலர்ந்த கையுறை. உட்காரும் இடத்தில் ஒரு ஃபோம் துண்டு. ஈரப் பலகை உடலின் சூட்டை உறிஞ்சும். பிறகுதான் ஃபிளாஸ்க்கிலிருந்து சூடான, இனிப்பான பானம். அதன் பிறகு சாப்பாடு. கொழுப்பும் மாவுச்சத்தும் உள்ளதாக, கையுறையோடு பிரித்துச் சாப்பிட முடிந்ததாக இருக்கட்டும். ஷெல்டரின் பெயருக்குக் காரணமான ஊற்று பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வடிகட்டாமல், அல்லது கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். மொத்தம் அரை மணி நேரம் போதும். உட்காரும் நேரம் நீள நீள, எழுந்து கிளம்புவது கடினமாகும்.

கிளம்பும்போது பருத்த ஜாக்கெட் திரும்பவும் பைக்குள் போக வேண்டும். ஆனால் ஏறும்போது போட்டதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். இறங்கும்போது உடல் உழைப்பு குறைவு, அதனால் உண்டாகும் சூடும் குறைவு. வந்தபோது போதுமாக இருந்த உடை திரும்பும்போது போதாது. மழைநாளில் திரும்பும் வழிதான் ஆபத்தான பாதி என்பதற்கு இதுவே காரணம்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். கடும் பனியில் மட்டும் வரும் என்று நினைப்பது தவறு. சுழியத்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட ஈரக்குளிரில் ஆயத்தமில்லாமல் வருபவர்களைத்தான் அது எளிதாகப் பிடிக்கிறது. தொடக்கத்தில் நடுக்கம். அடுத்து கால் தடுமாறும், பேச்சு குழறும், விரல்கள் சொன்னபடி கேட்காது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். சிறுவர்களின் உடல், எடைக்கு ஒப்பிட அதிகத் தோற்பரப்பு கொண்டது. ஆகவே பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்வார்கள். கேட்டால் “ஒன்றுமில்லை” என்பார்கள். உங்கள் மகன் வழக்கமாக வாயாடி என்றால், அவன் பேச்சு நின்றுவிட்டதே முதல் அறிகுறி. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தன் ஜிப்பைத் தானே ஏற்றச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, காற்று படாத பக்கம் அமர்த்தி, உலர்ந்த உடை, தொப்பி, இனிப்புப் பானம் எல்லாவற்றையும் கொடுத்து, நடுக்கம் அடங்கிய பிறகே நடக்க விடுங்கள். நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடாகாமலேயே நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் அது குணமாவதன் அடையாளம் அல்ல, அவசர நிலை. கைபேசி அலைவரிசை இங்கே பல இடங்களில் கிடைக்காது. யார் எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

சேற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நடுவிலேயே நடங்கள். ஷூ அழுக்காகாமலிருக்க ஓரமாக ஒதுங்கி நடப்பவர்களால்தான் பாதை ஆண்டுக்காண்டு அகலமாகி, ஓரத்துச் செடிகள் அழிகின்றன. எப்படியும் கால் நனையும். மாற்றுக் காலுறை ஷெல்டருக்கு ஒன்று, காருக்கு ஒன்று.

சில நடைமுறைகள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் 2023 மார்ச் முதல், கால் மணி நேரத்துக்கு மேல் வாகனம் நிறுத்தப் பார்க்கிங் அட்டை வாங்க வேண்டும். அறிமுகமானபோது ஒரு நாளைக்கு 5 டாலர், ஒரு வாரத்துக்கு 15 டாலர், ஓர் ஆண்டுக்கு 40 டாலர் என்று வைத்தார்கள். நாய்க்கு இந்தப் பாதையில் அனுமதி இல்லை. கரடியைப் பார்த்தால் 50 கெஜத்துக்குள் வேண்டுமென்றே நெருங்குவது சட்டப்படி குற்றம். கழிப்பறையை நியூஃபவுண்ட் கேப்பிலேயே பயன்படுத்திவிடுங்கள்.

காலையில் முன்னறிவிப்பு மோசமாகிவிட்டால், அல்லது சாலை மூடப்பட்டால், மனம் தளராமல் கீழேயே நில்லுங்கள். வசந்தம் இங்கே அடிவாரத்தில் தொடங்கி மெல்ல மலையேறுகிறது. ஹாப்கின்ஸ் என்ற பூச்சியியல் அறிஞர் 1918-இல் வகுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 120 மீட்டர் ஏறினால் வசந்தம் நான்கு நாள் தாமதம். கேட்லின்பர்க்குக்கும் ஷெல்டருக்கும் இடையே அந்தக் கணக்கில் ஒன்றரை மாதத்துக்கும் மேல் வருகிறது. ஷெல்டரில் இன்னும் குளிர்காலம்தான். கிரீன்பிரையர் பகுதியில் இருக்கும் போர்ட்டர்ஸ் கிரீக் பாதையிலோ மார்ச் இறுதியில் காட்டுப்பூக்கள் மலரத் தொடங்கியிருக்கும். மரங்கள் இலைவிட்டுத் தரையை நிழலால் மூடுவதற்கு முன், வெயில் நேரே விழும் அந்தச் சில வாரங்களுக்குள் பூத்துக் காய்த்து மறைந்துவிடும் சிறு செடிகள் அவை. ஹெபாட்டிகா, பிளட்ரூட், டிரில்லியம், தரை முழுக்க வெள்ளை விரிக்கும் ஃபேசிலியா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏறத்தாழ ஒரு மைலில் பழைய மெஸ்ஸர் களஞ்சியமும் நடையர் சங்கத்தின் மரக்குடிலும் இருக்கின்றன. தூறலில் அந்த ஒரு மைல் போய்வந்தாலே நாள் வீணாகாது. மழைநாளில் இதழ்கள் குவிந்திருக்கும் என்பது மட்டும்தான் குறை.

கடைசியாக, ஷெல்டரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது உங்களிடம் சார்லீஸ் பன்யன் பாறை இன்னும் ஒரு மைல்தான் என்று சொல்வார்கள். உங்கள் மகன் உடனே எழுந்து நிற்பான். அந்தப் பாறைமுனை மொட்டையாக இருப்பதற்குக் காரணமே 1925-இல் எரிந்த காடும், அதன்பின் பெருமழை அடித்துச் சென்ற மண்ணும்தான். பிடிமானத்துக்கு எதுவும் இல்லாத செங்குத்துச் சரிவு. தூறலிலும் மூடுபனியிலும் அங்கே காட்சி எதுவும் தெரியாது, ஈரப் பாறையும் பள்ளமும் மட்டுமே மிச்சம். வானம் முழுக்கத் திறந்து, பாறை காய்ந்து, பாதையில் பனிக்கட்டி இல்லாமல், மூவரும் உலர்ந்த உடையில், மணி ஒன்றரையைத் தாண்டாமல் இருந்தால் போய்வாருங்கள், கூடுதலாக ஒன்றே கால் மணி நேரம் ஆகும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஷெல்டரிலிருந்து நேரே காருக்குத் திரும்புங்கள்.